அருள்தாஸ் வைத்த பென்சில் புள்ளி

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு எங்கள் அல்சூர் வீட்டில் தொலைபேசி அடித்தது. எட்டு மணிக்கு முன்னால் அடிக்கும் தொலைபேசி எனக்கு ஆகாது. என் அக்கா ரோகிணி வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். அவளைப் பற்றிய கெட்ட செய்தியெல்லாம் அந்த வேளையில்தான் வந்திருக்கிறது. அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தேன்.

"மேடம், நான் ஸ்டெல்லா. அருள்தாஸ் வீட்டுக்காரி. அவரு போயிட்டாரு மேடம்."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகைதான் பதிலாக வந்தது.

எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. ரோகிணிக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதிதான் வந்தது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அது இருந்திருக்கும். பிறகுதான் போனது யார் என்று உறைத்தது. பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதில் அருள்தாஸுக்கு ஈடு கிடையாது. அவருக்கான அஞ்சலியை ஒரு பூசி மெழுகலோடு தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருள்தாஸ் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈ இருக்கிறதே, அதன் மார்புப் பக்கத்தில் இருக்கும் ரோமங்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது அவர் வேலை. பதினான்கு ஆண்டுகள் அதைச் செய்தார். இறக்கும்போது அவருக்கு நாற்பது வயது. என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர்.

பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். பத்தாவது முடித்துவிட்டு ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். பிறகு எங்கள் கூடத்துக்குப் பாட்டில் கழுவ வந்தார். ஒரு நாள் கழுவப்போன பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து தலைவர் முன்னால் வைத்து, "சார், இந்தப் பாட்டில்ல ரெண்டு ஈக்கு மட்டும் கண்ணு ஸ்வல்ப சின்னதா இருக்கு, கழுவட்டா வேணாமா?" என்று கேட்டாராம். அந்த ஈக்களை வெறும் கண்ணால் பார்த்து அப்படிச் சொல்ல எங்களில் ஒருவராலும் முடியாது. அடுத்த வாரமே அவரை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள்.

அவருடைய வலது காது இடது காதைவிடச் சிறியது, சற்று கீழே இறங்கியும் இருந்தது. அதனால் மூக்குக்கண்ணாடி எப்போதும் ஒரு பக்கம் சாயும். வலது பக்கக் கம்பியில் வெள்ளை நூலைச் சுற்றிச் சுற்றி, தடிமனாக்கி, சமப்படுத்தி வைத்திருந்தார். யாராவது அதைக் கேட்டால், "நானே ஒரு ஈ தாங்க" என்று சிரிப்பார்.

நான் தொண்ணூற்றிரண்டில் அங்கே ஆய்வாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மாதமே அவரோடு சண்டை. தப்பு முழுக்க என்னுடையது.

எங்களிடம் ஒரு ஈ வம்சம் இருந்தது. பல தலைமுறைகளாக அண்ணனையும் தங்கையையுமே சேர்த்து வளர்த்து, மரபணுவில் ஏறக்குறைய ஒரே அச்சாக ஆக்கப்பட்டது. ஒரே பாட்டில், ஒரே வெல்லமும் மக்காச்சோள மாவும், ஒரே சூடு. அப்படிப்பட்ட ஈக்களுக்கு ரோமமும் ஒரே எண்ணிக்கையில்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அருள்தாஸின் பதிவேட்டிலோ ஒரு ஈக்கு எட்டு, அடுத்ததற்குப் பதினொன்று. அதைவிட மோசம், ஒரே ஈக்கு இடது பக்கம் பத்து, வலது பக்கம் எட்டு. பக்கம் பக்கமாக இப்படியே. எண்ணுகிறவர் அரைத்தூக்கத்தில் எண்ணியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பதிவேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அதோடு விட்டேனா? அவர் எண்ணி முடித்து சாராயக் குப்பிகளில் போட்டுவைத்த ஈக்களைப் புது எண் ஒட்டிப் புது ஈக்களாக அவரிடமே கொடுத்தேன். மனிதர் மாட்டிக்கொள்வார் என்று காத்திருந்தேன். மூன்றாவது குப்பியைத் திறந்து, ஈயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர், எழுதாமல் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், இந்த ஈய நான் போன வாரமே பாத்துட்டேனே."

"எப்படிச் சொல்றீங்க?"

"இடது பத்து, வலது எட்டு. வலதுல மேலேருந்து மூணாவது முடி குட்ட. இவன எனக்குத் தெரியும்."

புது எண்களோடு நான் கொடுத்த அத்தனை ஈக்களிலும் அவருடைய எண்ணிக்கை பழையதோடு அப்படியே ஒத்துப்போனது. நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எனக்கும் அதேதான் வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "சரி, வேலையைப் பாருங்க" என்றேன். சிவப்பு மை அங்கேயே இருந்தது. அவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வேறொன்று கேட்டார். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, "மேடம், ரெண்டு ஈக்கு நடுவுல வித்தியாசம்னாகூடப் பரவால்ல. இது ஒரே ஈ. இடது பக்கத்துக்கு ஒரு அப்பா அம்மா, வலது பக்கத்துக்கு வேற அப்பா அம்மாவா? ஒரே பாட்டில்ல, ஒரே வெல்லத்தத் தின்னு வளந்தது. அப்ப இத யாரு பண்றது?" என்றார்.

யாரும் பண்ணவில்லை என்றேன். உடம்பு உருவாகும்போது ஒரு செல் சற்று முன்னால் பிரியும், இன்னொன்று சற்றுப் பின்னால் பிரியும். ஒரு சமிக்ஞை இங்கே எட்டும், அங்கே எட்டாமல் போகும். மரபணுவும் சொல்லாது, வளர்ப்பும் சொல்லாது. அந்த நேரத்துத் தற்செயல். இதைச் சொல்லும்போதே, அவருடைய பிழை என்று நான் சிவப்பு மை தீட்டியதுதான் நாங்கள் ஆராய வேண்டிய விஷயமே என்பது எனக்கு உறைத்தது. அடுத்த பல ஆண்டுகள் எங்கள் கூடம் அதையே ஆராய்ந்தது. எல்லாமே அவர் எண்ணிய எண்கள்தான்.

"தற்செயலா?" என்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வலது காதைத் தடவினார். "அப்ப எங்கம்மா கிரகணத்துல வெளிய போனதால இல்லியா? செத்துப்போறவரைக்கும் தன்னத்தான் திட்டிட்டு இருந்துச்சு மேடம்."

அவர் வேலை செய்த முறையைச் சொல்லியாக வேண்டும். முதலில் இடது பக்கம், பிறகு வலது. பிறகு மறுபடியும் இடது, வலது. இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் மையால் எழுதுவார். ஒத்து வராவிட்டால் அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஈயைத் தனிக் குப்பியில் போட்டுவிடுவார். மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதை மூன்றாம் முறை எண்ணிவிட்டுத்தான் மையைத் தொடுவார். அப்போதே இன்னொரு முறை எண்ணினால் என்ன என்று கேட்டேன். "மத்தியானத்துக்கு மேல எண்ணுனா அது ஈயோட நம்பரா இருக்காது மேடம், நம்ம அலுப்போட நம்பரா இருக்கும்" என்றார். எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் அந்தப் புள்ளி காலைவரை புள்ளியாகவே இருக்கும்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. ஆனா நான்தான் மூத்தவள்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். அவள் என்னைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் நாங்கள். ஜோசியர் ஒரு ஜாதகத்தைக் கணித்து, அதையே இன்னொரு தாளில் படியெடுத்துக் கொடுத்தாராம். ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு, ஒரே அம்மை, ஒரே தைல வாசனை. அப்பாவின் அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் எங்களை நிற்கவைத்து, யார் ரோகிணி, யார் ரேவதி என்று பந்தயம் கட்டுவார்கள்.

தொண்ணூற்றைந்தில், எங்கள் இருபத்தேழாவது வயதில், ரோகிணிக்கு மனச்சிதைவு வந்தது. அவள் வங்கியில் வேலை பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் தன்னைப் பற்றிக் குறிப்பு எழுதுவதாக முதலில் சொன்னாள். பிறகு சுவருக்குள்ளிருந்து குரல் கேட்கிறது என்றாள். ஒரு நாள் வங்கியிலிருந்து கிளம்பியவள் வீடு வரவில்லை. சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருப்பதாக யாரோ ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி செய்தார்கள். நான் எழுந்தபோது நாற்காலி சாய்ந்து விழுந்தது. அருள்தாஸ் ஒன்றும் கேட்காமல் கூடவே வந்தார்.

அவளை ஆட்டோவில் ஏற்றும்வரை அவர் சற்றுத் தள்ளியே நின்றார். மறுநாள் என்னிடம், "எல்லாரும் உங்க ரெண்டு பேரையும் ஒண்ணும்பாங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமாம். எங்கம்மாவே குழம்பிப் போவாங்க."

"இல்லியே. நீங்க ஒண்ணு இல்ல. அவங்களுக்கு உச்சிச் சுழி வலது பக்கம் சுத்துது, உங்களுக்கு இடது. இடது புருவத்துல அவங்களுக்கு நடுவுல முடி இல்ல. காது மடல் வேற." விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். என் வாழ்க்கையில் எங்கள் இருவரையும் ஒரே பார்வையில் இரண்டு பேராகப் பார்த்த முதல் மனிதர் அவர்தான். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மருத்துவரிடம் எனக்கும் வருமா என்று கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம். உங்களை மாதிரி இரட்டையர்கள்ல ரெண்டு பேருக்கும் வந்திருக்கு, ஒருத்தருக்கு மட்டும் வந்து இன்னொருத்தர் நல்லா இருந்ததும் உண்டு. ஏன்னு கேட்டா எங்களுக்குத் தெரியாது" என்றார். படித்தவளுக்கு இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இதைத்தானே நான் பகலெல்லாம் ஈக்களிடம் ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆனால் ஈக்களின் விஷயத்தில் சாதுவாகக் கிடந்த 'தற்செயல்' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பல் முளைத்துவிட்டது. அம்மா அந்த இரண்டு ஜாதகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு எழுத்தாவது மாறியிருக்காதா என்று வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் என்னையே வேவு பார்க்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு வானொலி சத்தம் கேட்டால், அது உண்மையான வானொலிதானா என்று பால்கனிக்குப் போய்ப் பார்ப்பேன். யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று நினைப்பேன். அப்படி நினைத்ததே அறிகுறியோ என்று அடுத்த நொடி பயப்படுவேன். தன் புத்தியைத் தன் புத்தியாலேயே சோதிப்பது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் அருள்தாஸிடம் போனேன்.

"நீங்க என்னைக் கவனிக்கணும். என் பேச்சுல, நடையில, எதுலயாவது மாற்றம் தெரிஞ்சா உடனே சொல்லணும்."

"ஐயோ மேடம், ஈயப் பாக்குற கண்ணு இது. மனுஷங்கள இப்படிப் பாக்கக் கூடாது."

"உங்களைத் தவிர எனக்கு வேற யாரும் இல்ல."

ஈக்களைப் புரட்டும் தூரிகையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு கண்டிஷன். நான் சொல்றத நீங்க நம்பணும். புது நம்பர் ஒட்டித் திரும்ப எங்கிட்டயே அனுப்பக் கூடாது" என்றார். மூன்று வருடம் கழித்து என்னைக் குத்திக்காட்டிய அந்த ஒரே தடவையும் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு, பாட்டில்களைக் கழுவப் போட்டுவிட்டுக் கைதுடைத்தபடி என் மேசைப் பக்கம் வருவார். நான் தலை நிமிர்வேன். "ஒண்ணும் இல்ல மேடம்" என்பார். அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் தூங்குவேன். செவ்வாய்க்கிழமை பயம் மெல்லத் தலைதூக்கும். வியாழக்கிழமை சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை மறுபடி நான்கு மணி. வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தேன். ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்னால் யாருக்கும் உறுதி கொடுக்க முடியும் என்று பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல முடியுமா?

தொண்ணூற்றெட்டில் அப்பா காலமானார். அடுத்த மாதமே அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ரோகிணி வேறு மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் சரியான தூக்கமில்லை. அந்தச் சமயத்தில் ஆய்வுக்கூடத்தில் ஒரு தொல்லை வந்தது. அப்போது நான் நம்பியதை அப்படியே எழுதுகிறேன். யாரோ எங்கள் பாட்டில்களின் லேபிள்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் எண் பாட்டில் ஒன்பதாம் எண்ணின் இடத்தில் இருக்கும். என் கையெழுத்து என் கையெழுத்தாக இருக்காது. தலைவரிடம் சொன்னேன். அவர் பார்க்கிறேன் என்று சொல்லி மழுப்பினார். அருள்தாஸ் ஒருவர்தான் மறுபேச்சுப் பேசாமல் என்னோடு உட்கார்ந்து இருநூறு லேபிள்களையும் புதிதாக எழுதினார். அலமாரிக்குப் பூட்டு வேண்டும் என்றேன். மறுநாளே பூட்டு வாங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

அந்த நாட்களில் மாலையில் அவர் என்னோடு அல்சூர் பேருந்தில் ஏறினார். பிரேசர் டவுனுக்குப் போக வேண்டியவர் ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்ல மேடம், அல்சூர்ல இருக்காரு" என்றார். எங்கள் தெருமுனைவரை பேசிக்கொண்டே வருவார். ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேசைப் பக்கம் வந்தவர் வழக்கமானதைச் சொல்லவில்லை. "திங்கக்கிழமை சொல்றேன் மேடம்" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டு லேபிள்களைச் சரிபார்க்கப் போய்விட்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, "இன்னைக்கு வேல ஜாஸ்தி, அப்புறம் சொல்றேன்" என்றார். அதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமைதான், "ஒண்ணும் இல்ல மேடம்" என்ற பழைய வாசகம் வந்தது. அதற்குள் லேபிள் தொல்லையும் ஓய்ந்திருந்தது. பூட்டு போட்டதால் ஆள் பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்த ஆறு ஆண்டுகளில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் தவறவில்லை. விடுமுறையில் வேளாங்கண்ணி போனபோதும் அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு அந்த மூன்று சொல்லைச் சொன்னார்.

கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்றும் நான்கு மணிக்கு வந்து, "ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். சொல்லும்போது வலது நெற்றிப்பொட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் போனவர், மறுபடி என்னிடம் வந்து, "ஒரே ஒரு ஈ மட்டும் இன்னைக்குக் கண்ணுக்கு ஒத்து வரல. புள்ளி வச்சிருக்கேன். காலைல எண்ணுறேன்" என்றார். சனிக்கிழமை அரை நாள் வேலை உண்டு. "சரி" என்றேன். எனக்குத்தான் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதே, அந்த நிம்மதியில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் நெற்றியை அழுத்தியது என் கண்ணில் பட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை பல் துலக்கும்போது விழுந்துவிட்டார். மூளைக்குள் ஒரு இரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து இருந்ததாம். அது வெடித்துவிட்டது. அவர் வீட்டில் வேறு யாருக்கும் அப்படி இருந்ததில்லை. ஏன் இவருக்கு என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, சில பேருக்கு அப்படி அமைந்துவிடுகிறது என்றாராம் மருத்துவர். ஒன்பது ஆண்டுகள் அவர் என்னைக் கவனித்தார். அவரைக் கவனிக்கும்படி அவர் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. சொல்லாமலே நான் கவனித்திருக்கலாம்.

அடக்கம் முடிந்து பிரேசர் டவுனில் அவர் வீட்டுக்குப் போனேன். நூல் சுற்றிய கண்ணாடியையும் சேர்த்தே பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்டெல்லா எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு எங்கெங்கோ போனது. ஏதோ ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, "அல்சூர் சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அல்சூர்ல எங்களுக்கு யாரும் இல்லியே மேடம்."

நான் பேருந்தைப் பற்றிச் சொன்னேன். ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம். அந்த வருஷம் ரெண்டு வாரம் அவரு சரியாவே தூங்கல. என்னன்னு கேட்டா, 'மேடத்துக்கு ஒரு புள்ளி வச்சிருக்கேன் ஸ்டெல்லா'ம்பாரு. பாட்டிலு எதுவும் மாறலியாம். லேபிளு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம். நீங்க மட்டும் மாறிருக்குன்னு சொல்லிட்டே இருந்தீங்களாம்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"டாக்டர்கிட்டயோ உங்கம்மாகிட்டயோ சொல்லிடுங்கன்னு நான் சண்டயே போட்டேன் மேடம். 'ஒரு நேரம் பாத்தா வந்துடுச்சோன்னு இருக்கு, ஒரு நேரம் பாத்தா அப்பா போன துக்கம்னு இருக்கு. ரெண்டும் ஒத்து வரல. மூணாவது தடவ எண்ணாம எப்படிச் சொல்றது? செவப்பு மைய போட்டுட்டா அப்புறம் அழியாது ஸ்டெல்லா'ன்னாரு. அதுவரைக்கும் தனியா விடக் கூடாதுன்னுதான் வீடுவரைக்கும் வந்தாரு. அப்புறம் ஒரு நாள் காலைல நீங்களே, 'இந்தப் பூட்டு எதுக்கு, சாவி தேடியே நேரம் போகுது'ன்னு கழட்டிப் போட்டீங்களாம். அன்னைக்குச் சாயந்தரம் வந்து என்னக் கேசரி கிண்டச் சொன்னாரு."

பூட்டைக் கழற்றியது எனக்கும் நினைவிருக்கிறது. கேசரி விஷயம்தான் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. உடனே சொல்ல வேண்டும் என்பதுதானே ஒப்பந்தம்? மறைக்க இவர் யார்? அந்த இரண்டு வாரம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று வருடத்தில் என்னைப் பற்றி நான் பயப்படாமல் இருந்த இரண்டு வாரங்கள் அவைதான். வெள்ளிக்கிழமையை நான் எதிர்பார்க்கக்கூட இல்லை. ரோகிணியின் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கமில்லாததாலும் துக்கத்தாலும் வந்ததாக இருக்கலாம், அதே நோயின் வாசல்வரை போய்த் திரும்பியதாகவும் இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றார். அப்போதே தெரிந்திருந்தால் மருந்து தொடங்கியிருப்பாராம். அருள்தாஸ் செய்தது சரியா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பதினான்கு நாட்களிலும் என்னைப் பைத்தியம் என்று எழுதாமல், ஒன்றுமில்லை என்று பொய்யும் எழுதாமல், பென்சிலோடு ஒரு மனிதர் என் கூடவே பேருந்தில் வந்தார் என்பது மட்டும் தெரிகிறது.

ரோகிணியைப் பார்க்கப் போய் இதையும் சொன்னேன். அவள் என் உச்சிச் சுழியைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு இப்படி ஒருத்தர் இருந்தா நல்லா இருந்திருக்கும்டி" என்றாள். இருந்திருந்தாலும் அவளுக்கு வந்திருக்கலாம். அது இருவருக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அருள்தாஸின் முக்காலி, தூரிகை, கைதுடைக்கும் துணி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. முதலில் அலமாரியின் அடியிலிருந்து தொண்ணூற்றிரண்டாம் வருடப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். சிவப்பு மை சற்றும் மங்கவில்லை. அதன் கீழே, 'தவறு என்னுடையது, எண்ணிக்கை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் உயிரோடு இருந்தபோது அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு அவருடைய கடைசிப் பதிவேட்டைத் திறந்தேன். கடைசி வரியில் ஒரு பென்சில் புள்ளி இருந்தது. தனிக் குப்பியில் அந்த ஒரு ஈ இருந்தது.

காலை வெளிச்சத்தில் அவருடைய முக்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். இடது ஒன்பது. வலது பத்து. அவர் சொல்லித்தந்தபடி மறுபடியும் எண்ணினேன். ஒன்பது, பத்து. புள்ளிமேலேயே மையால் எழுதினேன். எந்த விசேஷமும் இல்லாத சாதாரண ஈ. அதைக்கூட அன்று அவர் கண்ணால் ஒத்துப்பார்க்க முடியவில்லை என்றால் தலை எவ்வளவு வலித்திருக்கும்!

மாலை நான்கு மணி ஆனது. பாட்டில்களைக் கழுவப் போட்டிருந்தார்கள், குழாய்ச் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் தலை நிமிர்ந்தேன். யாரும் வரவில்லை. என் நாட்குறிப்பை எடுத்து, அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே என்ன எழுதுவது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஒன்றும் இல்லை' என்று நானே எனக்கு எழுதிக்கொள்ள முடியாது. பென்சிலை எடுத்து ஒரு புள்ளி வைத்தேன். காலையில் எண்ணிக்கொள்ளலாம்.

போய் வாருங்கள், அருள்தாஸ்.